கை வைத்து ஜெபிக்க வேண்டிய இடம்

"எந்த இடம்னு சொல்லு ஞானம். கை வச்சு ஜெபம் பண்ணணும்" என்றார் திருமதி ஏசுபாதம், சபையின் பெண்கள் சங்கத் தலைவி.

கட்டிலில் கிடந்த ஞானசௌந்தரி போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். இரும்புலியூரில் கணக்கு டீச்சர். ஒருவருக்கும் தெரியாமல் கேளம்பாக்கம் பக்கத்து ஆஸ்பத்திரியில் வந்து படுத்தால், மூன்றாம் நாளே சங்கம் வந்து நிற்கிறது. எல்லாம் கணவர் ஜெபராஜின் வேலை. ஜெபமில்லாமல் ஆபரேஷனா என்று பயந்து, சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

சொல்லத்தான் கூச்சமே தவிர, நடந்தது சாதாரணமா? ஐம்பது கிலோ குறைத்த பிறகு அடிவயிற்றுத் தோல் தொங்கியது. அதற்கும் கீழே, பெண்ணுறுப்புக்கு மேலிருக்கும் சதைமேடு மூட்டையாகச் சரிந்து கிடந்தது. நடந்தால் உரசல், உட்கார்ந்தால் புண். டாக்டர் ரோஹிணி அவளை நிற்கவைத்துப் பேனாவால் கோடு கோடாக வரைந்தார். மறுநாள் அந்தக் கோட்டின்படி தொங்கிய தோலை வெட்டி எடுத்தார். மேட்டிலிருந்த கொழுப்பை மெல்லிய குழாயால் உறிஞ்சினார். சரிந்ததை மேலே தூக்கி, மறுபடி இறங்காதபடி உள்ளே வயிற்றுத் தசையின் உறையோடு சேர்த்துத் தைத்தார்.

இன்று காலை கட்டு மாற்றும்போது கண்ணாடியில் பார்த்தாள். பதினொரு வருஷமாகக் காணாமல் போயிருந்த உடம்பு, வீக்கமும் தையலுமாகத் திரும்பி வந்திருந்தது. மனித விரல்களுக்கு இவ்வளவு தெரியுமா என்று பிரமித்துப்போனாள். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அற்புதம். அந்த இடத்தின் பேரைத்தான் வாயால் சொல்ல முடியவில்லை.

"ஹெர்னியா, அக்கா" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"இடது" என்றாள் அவள். "வலது" என்றார் ஜெபராஜ், அதே நொடியில்.

சங்கச் செயலாளர் ஜெரூஷா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு பக்கமும்னு போட்டுடவா அங்கிள்? குரூப்ல நூத்தி நாப்பது பேரு கேட்டுட்டே இருக்காங்க."

"போடாதம்மா! ஹெர்னியாவே இல்ல. கர்ப்பப்பை" என்றார் ஜெபராஜ் பதறிப்போய்.

"அத நாலு வருஷம் முன்னாடியே எடுத்தாச்சே தம்பி! மூணு நாள் உபவாச ஜெபம் வச்சோமே!" என்றார் திருமதி ஏசுபாதம்.

ஜெபராஜ் போனைப் பிடுங்கக் கை நீட்டினார். அதற்குள் ஜெரூஷா அதையும் டைப் அடித்து அனுப்பிவிட்டாள். போன் விடாமல் கத்தத் தொடங்கியது.

"ஆன்ட்டி, இல்லாத கர்ப்பப்பைக்கு ஆபரேஷன் பண்ண டாக்டர் யாருன்னு கேக்குறாங்க. சும்மா விடக்கூடாதாம். காலேப் வக்கீல் அங்கிள் கார் எடுத்துட்டாராம்!"

ஞானசௌந்தரி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். தன்னைத் தனக்கே திருப்பிக் கொடுத்தவர் மேல் பழி விழுவதா? கூச்சம் போன இடம் தெரியவில்லை.

"யாரும் அந்த டாக்டரம்மாவ ஒரு வார்த்த சொல்லக்கூடாது! நான் சொல்லிடறேன். அவங்க எனக்கு என்ன பண்ணாங்கன்னா..."

"ஜெரூஷா" என்றார் திருமதி ஏசுபாதம். "காலேப்ப திரும்பிப் போகச் சொல்லு. தம்பியையும் கூட்டிட்டு வெளிய போ."

கதவு சாத்தியதும் அவர் கண்களை மூடினார். கையை இடது பக்கமும் கொண்டுபோகவில்லை, வலது பக்கமும் கொண்டுபோகவில்லை. போர்வைக்கு ஒரு சாண் மேலே, தையல் மேல் படாமல், மிகச் சரியான இடத்தில் நிறுத்தினார்.

"ஆண்டவரே, அந்த டாக்டரோட விரல்களுக்காக ஸ்தோத்திரம்."

ஞானசௌந்தரி அந்தக் கையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு, துவைத்த போர்வைகளோடு வார்டு ஆயா உள்ளே வந்தாள். வந்தவள் திருமதி ஏசுபாதத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானாள்.

"இன்னாம்மா, போன வருசம் நீ இதே கட்டில்ல படுத்துகினு இருந்தியே, டாக்டரம்மா உனக்குத் தூக்கித் தச்சாங்களே, அது இப்ப எப்டி கீது?"