பைலட் டாக்டரின் ஸ்பிரிங்

"அவர் வந்து ஒன்பது எம்.எம். கம்பியில சுத்தின ஸ்பிரிங் கேட்பார். நீங்க எட்டு குடுத்துடுங்க" என்று போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள் பல் டாக்டரின் மனைவி.

மறுமுனையில் ஸ்பிரிங் பட்டறைக்காரர் தயங்கினார். எட்டு போட்டால் விமானம் தொப்பென்று உட்கார்ந்துவிடுமே என்றார்.

"உட்காரட்டும். அதுக்குத்தானே சொல்றேன்."

பட்டறைக்காரருக்குக் கடைவாய்ப் பல்லில் வேர்ச் சிகிச்சை பாதியில் நின்றிருந்தது. கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது அவள். இனிமேல் அவர் வரிசையில் உட்கார வேண்டாம், வந்ததும் உள்ளே போகலாம் என்று சொன்னவுடன் தயக்கம் தீர்ந்துபோயிற்று.

கிளினிக்குக்குப் பின்னால் இருந்த கார் ஷெட்டில் டாக்டர் இரண்டு பேர் உட்காரக்கூடிய விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். கார் வெளியே வெயிலில் நின்றது. ஆரம்பித்த காலத்தில் அவள் மறுத்துப் பேசவில்லை. அந்த வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து ஒருவர் ஆசைப்பட்டதை மற்றவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதில் இரண்டு பேருக்கும் கொஞ்சம் பெருமை கூட உண்டு. தவிர, அவருடைய ஆசைகளின் ஆயுள் அவளுக்கு நன்றாகத் தெரியும். மீன் தொட்டி, மீன் வருவதற்கு முன்பே பரணுக்குப் போயிருந்தது. வயலின் பெட்டியை விட்டு இறங்கவே இல்லை. விமானமும் அந்த வரிசையில் சேர்ந்துவிடும் என்று நம்பி, "தாராளமா கட்டுங்க" என்று சொல்லிவைத்தாள்.

விமானம் அவள் காலை வாரிவிட்டது. வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. இறக்கை வந்தது, எஞ்சின் வந்தது. ஊரில் அவருக்குப் பைலட் டாக்டர் என்றே பெயர் விழுந்துவிட்டது. வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் நோயாளிகளிடம் அவர் விமானத்தைப் பற்றியேதான் பேசுவார். அவர்களால் குறுக்கே ஒரு வார்த்தை பேச முடியாது என்பது அவருக்கு வசதியாக இருந்தது.

பாக்கி இருந்தது இரண்டே ஸ்பிரிங். தரையில் இறங்கும்போது சக்கரத்தில் விழும் அடியை அவைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பி மெலிந்தால் விமானம் படுத்துவிடும், தடித்தால் துள்ளும். சரியாக அமைந்துவிட்டால் பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பிறகு டாக்டர் பறப்பார். பறந்தது விழுந்துவிட்டால்? அவரில்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லலாம்தான். இத்தனை வருஷம் கழித்து எந்த முகத்தோடு சொல்வது? தரையிலேயே தேறாத விமானத்தால் யாருக்கும் ஆபத்தில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டுதான் போனை எடுத்தாள்.

எட்டு எம்.எம். ஸ்பிரிங் வந்தது. மாட்டிவிட்டு ஜாக்கியை இறக்கியதும், விமானம் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் சாய்கிற ஆள் மாதிரி மெதுவாக அமர்ந்து தரைக்கு வயிற்றைக் காட்டியது. டாக்டர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் வாடும் என்று அவள் எதிர்பார்த்தாள். வாடவில்லை. இதிலெல்லாம் அவசரப்படக் கூடாது, இன்னும் ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் பாட்டை முணுமுணுத்தபடி கை கழுவப் போனார். பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவளுடைய தம்பி ஒருவன் இருந்தானே. ஷெட்டுக் கூரையில் ஒழுகினால் அடைப்பது, பல்பு மாற்றுவது, ஏணி சம்பந்தப்பட்ட எல்லாமே அவன் பொறுப்பு. டாக்டருக்கு ஏணி ஒத்துக்கொள்ளாது. டாக்டர் போட்டுவைத்த கணக்கை அவன் எடுத்துப் பார்த்தான்.

"ரெண்டாவது சீட்டுக்கு ஆள் எடையே சேர்க்கலையே அத்தான். அதான் படுத்துக்கிச்சு."

"ரெண்டாவது சீட்டுல யாரு?" என்றார் டாக்டர்.

"அக்காதான். முதல் தடவை பறக்குறீங்க, அக்கா இல்லாமலா?"

டாக்டர் மனைவியைப் பார்த்தார். உனக்கு ஆசையாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். உங்களுக்கு ஆசை என்றால் எனக்கும் ஆசைதான் என்று அவள் வாய் வழக்கம்போலச் சொல்லிவிட்டது. அடுத்த நிமிஷம் தம்பி அவளை எடை மிஷினில் ஏற்றி நிறுத்தினான். அவரைக் கீழே இறக்கப் போனவள், தானே மேலே போகும்படி ஆயிற்று.

புதுக் கணக்கில் பத்து எம்.எம். வந்தது. அவள் பட்டறைக்குப் போன் போட்டுப் பன்னிரண்டு கொடுக்கச் சொன்னாள். மெலிந்த கம்பி போட்டால்தானே தம்பிக்குக் காரணம் கிடைக்கிறது, தடியாகவே இருக்கட்டும் என்பது அவள் யோசனை.

பன்னிரண்டு வந்த அன்று அதை மாட்டி, சக்கரங்களை ஒரு சாண் தூக்கிக் கீழே விட்டார்கள். விமானம் துள்ளிப் பக்கவாட்டில் நகர்ந்தது. இறக்கை அலமாரியில் இடித்து, அதிலிருந்த பிளாஸ்டர் பல் மாடல்கள் எல்லாம் தெருவரைக்கும் உருண்டு ஓடின. அவற்றைப் பொறுக்கிக்கொண்டு தெருவே ஷெட்டுக்குள் வந்துவிட்டது. வந்தவர்கள் சும்மா போகவில்லை. எப்போது பறக்கப் போகிறீர்கள் என்று ஆளுக்கு ஒரு முறை கேட்டார்கள். அந்த உற்சாகத்தில் தம்பி பரிசோதகருக்கே போன் போட்டு வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டான்.

"அளந்து பார்த்துட்டேன், பட்டறையில ரெண்டு தடவையும் அளவை மாத்திக் குடுத்திருக்காங்க. இனிமே என்ன கவலை? எட்டு படுக்குது, பன்னிரண்டு குதிக்குது. கணக்குப்படி பத்து, கச்சிதமா நிக்கும். அத்தான் போய் பத்து வாங்கிட்டு வந்தா முடிஞ்சுது."

தெருவே தலையாட்டியது. டாக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பட்டறைக்காரர் பல்லுக்கு வருவார், அப்போது தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்.

அவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பட்டறைக்காரர் பல்லைக் காட்டிவிட்டுப் போன மறுநாள் காலையில் போன் செய்தாள்.

"அவர் எந்த நம்பர் சொல்லியிருந்தாலும் சரி, அதுல ஒன்னு குறைச்சுக் குடுங்க. வெள்ளிக்கிழமை காலையில கொண்டுவந்தா போதும். என் தம்பி அளந்து பார்க்க நேரம் இருக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை ஸ்பிரிங்கும் பரிசோதகரும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். பரிசோதகர் அதிகம் பேசாத மனிதர். தூக்கச் சொன்னார், விடச் சொன்னார். விமானம் இறங்கி, லேசாக எழும்பி, அசையாமல் நின்றது. மறுபடியும் விடச் சொன்னார். மறுபடியும் அப்படியே நின்றது. இரண்டு சீட்டிலும் ஆளை உட்கார வைத்துப் பார்த்தார். இப்படி ஒரு பொருத்தத்தைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தெரு கை தட்டியது. தம்பி விசில் அடித்தான். டாக்டர் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை நனைந்து, கண் கலங்கியிருந்தது. இவ்வளவு சந்தோஷத்தையா கெடுக்கப் பார்த்தோம் என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். பயமும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பறப்பது என்று தம்பியே நாள் குறித்துவிட்டான்.

"உனக்கு சந்தோஷம்தானே?" என்று டாக்டர் மெல்லக் கேட்டார்.

"உங்களுக்கு சந்தோஷம்னா எனக்கும்தான்."

மறுநாள் பட்டறைக்காரர் பல்லுக்கு உறை போட வந்தார். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே போகப் பார்த்தவரை அவள் தடுத்து, கடைசி டோக்கனைக் கொடுத்து உட்கார வைத்தாள். மற்ற எல்லாரும் போய் முடிந்த பிறகு மேஜைக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஒன்னு குறைச்சுக் குடுங்கன்னு அவ்வளவு சொன்னேனே. உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

பட்டறைக்காரர் டாக்டரின் அறைக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"குறைச்சுத்தாம்மா குடுத்தேன், சார்தான் முந்தின நாளே என் பல்லுல மிஷினை வச்சுக்கிட்டு, 'பத்துக்குப் பதிலா பதினொன்னு போட்டுடுங்க, எப்படியாவது இது ஃபெயிலாகணும், எனக்கு உயரம்னாலே தலை சுத்தும், வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு கெஞ்சினார்."