ஆர்வத்துக்கு வட்டி போட்டவன்

அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பேசத்தான் பயம். அறவே தெரியாத மொழி என்றால் தைரியம் பொங்கிவிடும். எனக்குப் பொங்கியது 1999இல்.

அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்குக்கு கான்ட்ராக்டில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த பேங்க், ஃபின்லாந்தில் ஒரு குட்டி பேங்கை வாங்கியது. அங்கிருந்து வந்த ஃபைல்களில் தலைப்பெல்லாம் ஃபின்னிஷ். அதில் ஒன்று ‘அர்வோபபேரி’. ‘பபேரி’ பேப்பர்தான். ‘அர்வோ’? மூன்று நாள் மண்டை காய்ந்தது. நான்காம் நாள் ரயிலில் பொறி தட்டியது: ஆர்வம்! (ஃபின்னிஷும் தமிழும் உறவு என்று பக்கத்தில் எடிசன் என்ற ஊரில் நடந்த பொங்கல் விழாவில் ஒரு அங்கிள் சொல்லியிருந்தார். கையில் மைக் இருந்ததால் நம்பிவிட்டேன்.)

மேனேஜர் ஸ்டீவிடம் ஓடினேன். “அது இன்ட்ரஸ்ட் பேப்பர்!”

பேங்க்காரருக்கு இன்ட்ரஸ்ட் என்றால் வட்டி. “அப்ப வட்டி கணக்குப் போட்டுடு” என்றார்.

ஆர்வத்துக்கு எதற்கு வட்டி? ஒன்றும் புரியவில்லை. கேட்டால் மானம் போகும் என்று போட்டுவிட்டேன்.

டெமோவுக்கு ஹெல்சிங்கியிலிருந்து பைவி என்ற அதிகாரி வந்தார். ஸ்கிரீனில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். (அசந்துவிட்டார் என்று நினைத்தேன்.)

“ஷேருக்கு ஏன் வட்டி வருகிறது?”

ஸ்டீவ் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, தமிழில் ஆர்வம் என்றால் என்ன என்று ஐந்து நிமிடம் விளக்கினேன்.

“அர்வோ என்றால் மதிப்பு” என்றார் பைவி, பொறுமையாக. “மதிப்புள்ள பத்திரம். ஷேர், பாண்டு எல்லாம் அதில் அடக்கம். ஜெர்மன்காரர்களும் ஸ்வீடன்காரர்களும் மதிப்பு, பேப்பர் என்று இரண்டு சொல்லை ஒட்டியதைப் பார்த்து நாங்களும் ஒட்டினோம்.”

“அப்ப தமிழ்?”

“தமிழ் எதற்கு?” அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

வட்டிக்கு அவர்கள் சொல் ‘கோர்கோ’வாம். ஹை ஹீல்ஸில் இருக்கிற ஹீலும் கோர்கோதானாம். தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன்.

என் விசா நீட்டிப்புக்கான ஃபாரம் ஸ்டீவின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வீட்டுக்குப் போய் மனைவி கல்பனாவிடம், “பெட்டியைக் கட்டு” என்றேன்.

“எந்த ஊருக்குங்க?”

“மதுரைக்குத்தான்.”

மறுநாள் ஸ்டீவ் கூப்பிட்டார். கையெழுத்துப் போட்டிருந்தார்! “உனக்கு அந்த மொழி மேல இவ்வளவு ஆசையா? ஜனவரியிலேர்ந்து ரெண்டு மாசம் ஹெல்சிங்கி. இதை அங்கேயே உக்காந்து சரி பண்ணு.”

போனேன். இரண்டு மாதமும் தடிக் கோட்டுக்குள்ளேதான் குடியிருந்தேன். அந்தக் குளிரில் வாயைத் திறந்தால் ஆவிதான் வந்தது, வார்த்தை வரவில்லை.

இன்றும் நான் ஏதாவது ஒரு சொல்லுக்கு வேர் சொல்ல ஆரம்பித்தால் போதும். இங்கே அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த என் மகன், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் குரல் கொடுப்பான்: “மாம், கெட் டாட்ஸ் கோட்!”