காட்டுப்பள்ளிக் கொட்டகையில் நாற்பது நாள்

என் மனைவி என்னை நினைத்து அழ வேண்டும். சாகாமலே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம் ஹார்பர் எனக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. முப்பது வருஷம் கிரேனுக்குக் கை காட்டினவன் நான். கையை உயர்த்தினால் ஒரு கட்டுத் தண்டவாளம் ஆகாயத்துக்குப் போகும். தாழ்த்தினால் கப்பலுக்குள் இறங்கும். அதே கையை ராயபுரத்து வீட்டில் உயர்த்திப் பார்த்தேன். ஒரு டம்ளர் தண்ணீர்கூட நகரவில்லை.

நகர்ந்தது நான்தான். என் மனைவி சிலுவையம்மாள் கோயிலுக்கும் தெருவுக்கும் துணி தைப்பவள். விடிந்தால் வீடு நிறையப் பெண்கள்.

"ரோசி நைனா, கொஞ்சம் நவுரு. கத்திரிக்கோலு உன் காலாண்ட கீது."

நகர்ந்தேன்.

"அங்க இல்ல. அங்க எல்சி குந்தணும்."

எல்சி பக்கத்து வீட்டுக்காரி. மறுபடி நகர்ந்தேன்.

"கொஞ்சம் அப்பால போயேன். வெளிச்சத்த மறைக்கிறே பாரு."

இன்னும் நகர்ந்தால் தெரு. எங்கள் ஒரே மகள் ரோசியும் கல்யாணமாகி கரக்பூர் ரயில்வே காலனிக்குப் போய்விட்டாள். ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்து போகும் வீட்டில் என்னைப் பார்க்க வந்தவர் ஒருவரும் இல்லை. முப்பது வருஷம் இயந்திரச் சத்தத்தில் வாழ்ந்தவனுக்கு அந்தக் கலகலப்பில்தான் தனியாக இருப்பது போலிருந்தது.

தபசுகாலம் வந்தது. ஈஸ்டர் என்னும் பாஸ்குவுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு அது. வருஷா வருஷம் அந்த நாட்களில் எங்கள் ஜனங்கள் ராயபுரத்திலிருந்து கடலோரமாகவே பழவேற்காட்டு மாதா கோயிலுக்கு வெறுங்காலில் நடப்பார்கள். முப்பது மைல், மூன்று நாள். போன வருஷத்துப் பாதை இந்த வருஷம் இருக்காது. காற்று மணலால் மூடியிருக்கும். அதனால் நடைப்பாதை ஊழியர் சங்கம் என்று ஒன்று உண்டு. நோன்பு தொடங்கும் விபூதிப் புதனுக்கு மறுநாளே ஊழியர்கள் கிளம்பிப்போய், வழி தெரிவதற்காகப் பனைமரங்களில் சுண்ணாம்பு அடிப்பார்கள். நெருஞ்சி முள் பொறுக்குவார்கள். தங்குவதற்குக் கொட்டகை போட்டு, பானைகளில் தண்ணீர் நிரப்புவார்கள். சம்பளம் மோட்சத்தில்.

திருவொற்றியூர் கொட்டகைக்கு ஆள் குவியும், டீக்கடை பக்கம். எண்ணூர் கொட்டகைக்கும் குவியும். கழிமுகத்தைப் படகில் தாண்டி காட்டுப்பள்ளிக்குப் போக மட்டும் யாரும் வரமாட்டார்கள். சங்கத்துச் செயலாளர் லியோனார்ட் விபூதிப் புதன் பூசை முடிந்ததும் கேட்டார்.

"காட்டுப்பள்ளிக்கு யார் போறீங்கப்பா?"

எல்லோரும் தங்கள் கால் விரல்களைப் பார்த்தார்கள். லியோனார்ட் என்னைப் பார்த்தார். என் மூளையில் பளிச்சென்றது. நான் இல்லாத வீட்டில் சிலுவையம்மாள் மூன்று நாள் தாங்குவாளா? நான்காம் நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆள் அனுப்பமாட்டாளா? 'வா' என்று அவள் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும். அதுவரைக்கும் வருவதில்லை என்று அங்கேயே சபதம் செய்து, நான் போகிறேன் என்று கையை உயர்த்தினேன்.

வீட்டுக்கு வந்து கனத்த குரலில் ஆரம்பித்தேன்.

"சிலுவை, நான் காட்டுப்பள்ளிக்குப் போறேன். நாப்பது நாளு. தனியா."

"சரி."

"அங்க பாம்பு கீதாம்."

"அதுங்கையில வாய் குடுக்காத."

"காய்ச்சல் கீய்ச்சல்னு வந்தா கேக்க நாதி இல்ல."

"கம்பளி உள்ள வெச்சிகீறேன்."

திரும்பிப் பார்த்தேன். பாயும் மூட்டையும் கட்டித் தயாராக வாசலில் இருந்தன.

"இத்த எப்ப கட்டினே?"

"நீ ஒத்துக்கினதுமே எல்சி ஓடியாந்து சொல்ட்டா. சுண்ணாம்பு டப்பாவ மறந்துடாத."

போனேன். காட்டுப்பள்ளியில் மணல், சவுக்கு, பனை, கடல். மீனவர் குப்பம் ஒரு மைல் தள்ளி. என் பங்குக்கு மூன்று மைல் பாதை. காலையில் குனிந்தால் மத்தியானம் வரை முள் பொறுக்குவேன். சாயங்காலம் ஊற்றுத் தோண்டி ஆறு பானை தண்ணீர் இறைப்பேன். மறுநாள் பார்த்தால் பாதை மறுபடி மணலுக்குள் போயிருக்கும். மறுபடி ஆரம்பிப்பேன்.

மூன்று நாள் போயிற்று. யாரும் வரவில்லை. நான்காம் நாளும் வரவில்லை. ஏழாம் நாள் பானைகளிடம் பேச ஆரம்பித்தேன். பத்தாம் நாள் ஐந்தாவது பானையோடு சண்டை. அதோடு இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஒருநாள் கரையில் நின்று அலைக்குக் கை காட்டினேன். மேலே வா என்றால் கீழே போயிற்று. போ என்றால் வந்து வேட்டியை நனைத்தது. சிலுவையம்மாளுக்குச் சொந்தம் போலிருக்கிறது என்று சிரித்தேன். பாதிச் சிரிப்பில் அழுகை வந்துவிட்டது. அத்தனை பெரிய கடலுக்கு முன்னால் ஒரு மனிதன் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது? நன்றாகவே அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனிதக் குரல் கேட்கும். எண்ணூர் படகுக்காரன் தமீம் சனிக்கிழமை நண்டு விற்க ராயபுரம் போய், சிலுவையம்மாள் கொடுக்கும் அடுக்குத் தூக்கோடு மறுநாள் வருவான். கானாங்கெளுத்திக் குழம்பு மணக்கும். எனக்குக் குழம்பு முக்கியமில்லை. சேதிதான் முக்கியம்.

"அம்மா எதுனா சொன்னாங்களா தமீம்?"

"சொன்னாங்க அண்ணாத்தே."

"இன்னா சொன்னாங்க?"

"போன வாரத்து தூக்க நீ ஒயுங்கா கயுவலியாம்."

"அவ்ளோதானா? அழுதாங்களா?"

"ஆமா, அழுதாங்க."

என் நெஞ்சு குதித்தது.

"வெங்காயம் உரிச்சிகினு இருந்தாங்க."

இது ஆகாது என்று மூன்றாம் ஞாயிறு பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன்.

"தமீம், எனக்கு கடுங்காய்ச்சல்னு சொல்லு. ஆனா அவங்க வரவேணாம்னு நான் சொன்னதா சொல்லு."

"நல்லாதான கீறே?"

"உனக்குப் புரியாது. வரவேணாம்னா பொம்பள ஓடியாருவா."

அடுத்த ஞாயிறு படகு தெரிந்ததும் கம்பளிக்குள் புகுந்துகொண்டேன். காலையிலிருந்தே ஒத்திகை பார்த்த முனகல். மூன்று சுருதியில் முனகினேன். காலடி நெருங்கியது. ஒரு கண்ணைத் திறந்தேன். தமீம் தனியாக நின்றான்.

தூக்கைத் திறந்தேன். முதல் அடுக்கில் கஞ்சி. இரண்டாவதிலும் கஞ்சி. மூன்றாவதில் நிலவேம்புக் கஷாயம். நாலாவதில் இன்னொரு வேளைக்கு நிலவேம்புக் கஷாயம்.

"கொயம்பு எங்கடா?"

"காய்ச்சலுக்கு லங்கணம் போடணுமாம். கவிச்சியே ஆவாதாம்."

"அவங்க ஏன் வரல?"

"நீதான் வரவேணாம்ன்ட்டியே. உன் பேச்ச அவங்க தட்டமாட்டாங்களாம்."

முப்பது வருஷத்தில் அவள் தட்டாத ஒரே பேச்சு அதுதான். அந்த வாரம் முழுக்கக் கஞ்சி குடித்ததில் எனக்கு நிஜமாகவே கிறுகிறுத்தது. பூரண குணம் என்று அவசரமாகச் சொல்லி அனுப்பிய பிறகுதான் குழம்பு திரும்பியது.

ஐந்தாம் வாரம் யாத்திரைக்காரர்கள் வந்தார்கள். இருநூறு பேர், செபமாலை சொல்லிக்கொண்டு, என் சுண்ணாம்புப் பனைகளை அடையாளம் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நடுவில் எல்சி. பக்கத்தில் சிலுவையம்மாள். என் தாடியைப் பார்த்து அவள் கலங்குவாள் என்று இருந்தேன். அவள் பானைகளைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். உட்கார்ந்து தன் உள்ளங்காலைத் திருப்பித் தடவிப் பார்த்தாள்.

"ஒரு முள்ளு குத்தல," என்றாள். என்னிடம் இல்லை, எல்சியிடம்.

நான் தண்ணீர் மொண்டு அவள் கையில் ஊற்றினேன். குடித்தாள்.

"கொஞ்சம் உப்பு கரிக்குது," என்றாள். இது என்னிடம்.

அவ்வளவுதான். ராத்திரி பெண்கள் பக்கத்தில் படுத்தாள். விடிந்ததும் கூட்டத்தோடு நடக்க ஆரம்பித்தாள். அவள் முதுகு சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தேன். இவர்கள் திரும்பும்போது கால்வாய்ப் படகில் போய்விடுவார்கள். இந்தப் பக்கம் வரமாட்டார்கள். என் சபதம், மானம், முப்பது வருஷ மரியாதை எல்லாம் மணலில் விழ, ஓடினேன்.

"சிலுவை! நான் வூட்டுக்கு வந்துடட்டுமா?"

இருநூறு பேரும் நின்றுவிட்டார்கள். செபமாலையும் நின்றுவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பாஸ்கு வரிக்கும் வராத. கொட்டாய பிரிச்சிப் போட்டுட்டு, பானைய கவுத்துட்டு, அப்பால வா."

கொட்டகை பிரிக்க இரண்டு நாள் போதும். ஆனால் சிலுவையம்மாள் பாஸ்கு என்றால் பாஸ்குதான். பிரித்த கீற்றின் மேலேயே மிச்ச நாட்கள் படுத்துக் கிடந்தேன். பேசுவதற்குப் பானையும் இல்லை. எல்லாம் கவிழ்ந்து கிடந்தன.

பாஸ்கு பூசைக்கு வந்து சேர்ந்தேன். வீட்டுக்குப் போனால் ஆச்சரியம்: தையல் பெண்கள் ஒருத்தியும் இல்லை. சிலுவையம்மாள் கோழிக் குழம்பு வைத்திருந்தாள். நடு வீட்டில் எனக்குப் பாய் போட்டிருந்தாள். நகரச் சொல்லவில்லை. இரண்டு கவளம் இறங்கியதும் கேட்டுவிட்டேன்.

"நாப்பது நாளு சிலுவை. 'வா'ன்னு ஒரு வார்த்த சொல்ல உனக்கு மனசே வரலியா?"

"விபூதி அன்னிக்கி சாமியாரு இன்னா சொன்னாரு? தபசுகாலத்துல நமக்கு ரொம்ப புடிச்சது எதுவோ அத்த வுடணும்னாரா இல்லியா?"

"ஆமா. ஒருத்தன் கறிய வுடுவான், ஒருத்தன் மூக்குப்பொடிய வுடுவான்."

"நான் உன்ன வுட்டேன்."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

"லியோனார்டுகிட்ட சொல்லி உன்ன பார்த்துக்கினே கேக்க வெச்சதும் நான்தான். வா வான்னு கூப்ட்டுகினு இருந்தா அது இன்னா தபசு?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சொல்லை அவள் சொன்னதில்லை. நாற்பது நாள் மணலும் கஞ்சியும் கஷாயமும் தேனாக இனித்தன. அதோடு வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். ஆனால் ஆண்பிள்ளை, இன்னும் கொஞ்சம் கேட்க ஆசை.

"ரொம்ப கஷ்டமா இருந்துச்சா சிலுவை?"

கரண்டியோடு சற்று நேரம் நேர்மையாக யோசித்தாள்.

"இருந்துச்சி. ஆனா போன வருசம் காப்பிய வுட்டேன் பாரு, அந்த அளவுக்கு இல்ல."