வசதிக்காக வரவில்லை என்பதற்கான உறுதிமொழி

அனுப்புநர்: மு. நல்லகாமன், வரித்தண்டலர் (ஓய்வு), கே.கே. நகர், மதுரை.

பெறுநர்: மாப்பிள்ளை திரு. அருள்பாண்டி அவர்கள், நியூஜெர்சி.

பொருள்: தாங்கள் சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் அறுபத்திரண்டு நாள் தங்கியது தங்கள் வசதிக்காக அல்ல என உறுதிமொழி அளித்தல் – தொடர்பாக.

பார்வை: என் மகள் தாமரைச்செல்வி சென்ற ஞாயிறு போனில் சொன்னது.

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் அத்தை அழகம்மாளும், அவளுடைய புது வலது முட்டியும் நலம். இடது முட்டி பரிசீலனையில் உள்ளது. அங்கு நீங்களும் தாமரையும் நலமென நம்புகிறேன்.

முப்பத்தோரு வருஷம் வீட்டு வரி வசூலித்தவன் என்ற முறையில், தாமரை சொன்ன சட்டத்தை முதலில் பாராட்டிவிடுகிறேன். நீங்கள் குடியிருப்பது நியூஜெர்சி, ஆபீஸ் இருப்பது நியூயார்க். அங்கே குடியிருக்காவிட்டாலும் அங்கே உழைத்த சம்பளத்துக்கு நியூயார்க் வரி கேட்கிறது, அது சரிதான், காளவாசலில் குடியிருந்து மாட்டுத்தாவணியில் பூ விற்கிறவன் கடை வாடகையை மாட்டுத்தாவணியில்தானே கட்டுகிறான். அதோடு நிற்காமல், மதுரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்த்த நாளுக்கும், ‘உன் வசதிக்காகத்தானே அங்கே போய் உட்கார்ந்தாய், ஆகவே நியூயார்க்கில் உட்கார்ந்ததாகவே கணக்கு’ என்று வரி போடுகிறார்களே, அந்த மூளையை நான் கும்பிடுகிறேன். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வரி வாங்கவே நாங்கள் நாலு நடை நடப்போம். ஆபீஸ் தன் தேவைக்காக அனுப்பியிருந்தால் மட்டும் அந்த நாட்களுக்கு விலக்காம். ஆகவே நீங்கள் ஆபீஸ் சொல்லித்தான் மதுரைக்கு வந்தீர்கள், இங்கே உங்களுக்கு ஒரு வசதியும் இல்லை என்று மாமனார் கையெழுத்தில், நோட்டரி முத்திரையோடு ஒரு காகிதம் வேண்டும் என்றாள். இது அங்கே செல்லுமா என்று கேட்டேன். “எதுக்கும் இருக்கட்டும்ப்பா” என்றாள். அரசாங்க வேலைக்கே போகாதவள் அந்த வார்த்தையை எங்கே பிடித்தாள் என்று தெரியவில்லை.

வரைவு எழுத உட்கார்ந்து, உங்கள் அத்தையிடம் “மாப்ளைக்கு இங்க என்னென்ன வசதி இல்லைன்னு சொல்லு, எழுதிக்கிறேன்” என்று கேட்டது என் முதல் தவறு. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் முறத்தைத் தள்ளிவைத்தாள். “என்ன வசதி இல்ல? ஏசி மாட்டல? இன்வெர்ட்டர் வைக்கல? நெட்டு நின்னுரும்னு ரெண்டு கம்பெனிக்காரன வச்சு வயர் இழுக்கல? நொண்டிக்கிட்டே போயி ஞாயித்துக்கிழமை கறி எடுத்தது யாரு? இம்புட்டுஞ் செஞ்சுட்டு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுக்க எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?” என்றாள். வசதி இருந்தால் வரி, இல்லாவிட்டால் வரி இல்லை என்று பொறுமையாகச் சொன்னேன். “நல்லா வச்சுக்கிட்டதுக்கு அபராதமா? வெளங்கிரும்!” என்று கீரையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேறு வழியில்லாமல் குறைகளை நானே பட்டியலிட்டேன்: ஏசி இருந்தும் கரண்ட் இல்லாத நேரங்கள், உங்கள் நாற்காலியின் ஆடும் கால், எதிர்வீட்டுக் காதணி விழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கியில் மொய் எழுதியவர்கள் பெயரை வரிசையாக வாசிக்க, அமெரிக்காவில் இருந்த உங்கள் மேனேஜர் அதை வருகைப் பதிவு என்று நினைத்து, இத்தனை பேரை எப்போது வேலைக்குச் சேர்த்தீர்கள் என்று கேட்டது. மொத்தம் மூன்று பக்கம் வந்தது.

அதைக் காளவாசலில் நோட்டரி வக்கீல் மலையாண்டியிடம் கொண்டுபோனேன். வரி என்ற சொல் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது, அவரோ முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிற ஆள். ‘மாமனார் இல்லத்தில் மாப்பிள்ளைக்கு எவ்வித வசதியும் செய்து தரப்படவில்லை’ என்பது வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, “அண்ணே, புள்ள அங்கிட்டு இருக்கா, இங்க வந்துருச்சா?” என்று தணிந்த குரலில் கேட்டார். அங்கேதான் இருக்கிறாள் என்றேன். “அம்புட்டுத் தூரம் போயிருச்சா” என்று முத்திரையைக் குத்தினார். எம்புட்டுத் தூரம் என்று நானும் கேட்காமல் வந்துவிட்டேன். அவருக்குப் பெண் கொடுத்த ஊரும் உங்கள் உசிலம்பட்டிதான் என்பதை மறந்துவிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு உங்கள் பெரியப்பா முத்திருளன் பதினோரு பேரோடு வேனில் வந்து இறங்கினார்.

“சம்மந்தி, கல்யாணத்த அத்துவிடுறதெல்லாம் பெரிய வார்த்தை. எங்க பய என்ன கேட்டான், அதைச் சொல்லுங்க மொதல்ல” என்றார். நியூஜெர்சியில் ஆரம்பித்து ஒரு மணி நேரம் விளக்கினேன். பதினோரு பேரும் தலையாட்டினார்கள். கடைசியில் பின்னால் இருந்த ஒருவர், “அப்ப இந்த நியூயார்க்காரன்தான் புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல வாரானா?” என்றார். மறுபடியும் நியூஜெர்சியில் இருந்து ஆரம்பித்தேன். உங்கள் பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. “அதெல்லாம் கெடக்கட்டும். பய இங்க எதுக்குத்தான் வந்தான்?”

அந்நேரம் பார்த்து உங்கள் அத்தை டீத்தட்டோடு வந்தாள். “என் முட்டி ஆபரேசனுக்கு வந்தாரு. வேறெதுக்கு?” என்றாள். இந்த ஒரு வருஷமாகத் தெரு முழுக்க அவள் சொல்லிவருவது அதைத்தான். அண்ணன் தம்பி கூட எட்டிப் பார்க்கலை, கடல் தாண்டி மாப்பிள்ளை வந்தார் என்று பால்காரர் வரைக்கும் தெரியும். நானோ கையில் முத்திரை வைத்த காகிதத்தோடு நிற்கிறேன். “ஆபீஸ் அனுப்பி வந்தாருன்னு இதுல இருக்கு” என்றேன். “அப்படியா” என்று மட்டும் சொன்னாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனவள், வந்தவர்களுக்குக் குறைவில்லாமல் சோறு போட்டு அனுப்பினாள். என்னோடு நாலு நாளாகப் பேச்சு இல்லை. ஏசியையும் போடுவதில்லை.

இன்னொன்றையும் பதிவு செய்வது என் கடமை. ஆபரேஷன் அன்று நீங்கள் கம்ப்யூட்டரை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு தியேட்டர் வாசலில் நாலரை மணி நேரம் நின்றீர்கள். போன் ஒன்பது தடவை அடித்தது, எடுக்கவில்லை. அவள் நடந்து பழகிய நாளெல்லாம் கூடத்துக்கும் அடுப்படிக்குமாகக் கையை நீட்டிக்கொண்டே பின்னால் போனீர்கள். இதில் ஆபீசின் தேவை எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருந்தும் வாழ்க்கையில் முதல் தடவையாக, வரி குறைய வேண்டும் என்பதற்காக ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெற்ற மகள் கேட்டால் என்ன செய்வது மாப்ள, சொல்லுங்கள். உறுதிமொழியை இத்துடன் இணைத்துள்ளேன்.

வசதி என்ற சொல் நீங்கலாக, மற்ற எல்லா நலமும் பெற்று நீங்கள் இருவரும் நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கிறேன். உங்கள் பெரியப்பா விசாரித்தார்.

இப்படிக்கு,
(ஒப்பம்) மு. நல்லகாமன்

இணைப்பு: உறுதிமொழி, மூன்று பக்கம்.

பி.கு: கவரை ஒட்டப் பசை தேடப் போன நேரத்தில் உங்கள் அத்தை இதை முழுக்கப் படித்துவிட்டாள். ஒன்பது தடவை போன் அடித்த இடத்தை மட்டும் இரண்டாம் முறை படித்தாள். நாலு நாளைக்குப் பிறகு வாய் திறந்து, “எனக்காகத்தான் வந்தாருன்னு எழுதச் சொல்லுங்க. வரி எம்புட்டோ கட்டிரட்டும். பத்தலைன்னா சீட்டெடுத்து நான் தாரேன்” என்றாள். ஆகவே மேலே கண்ட உறுதிமொழி ரத்து செய்யப்படுகிறது. இணைப்பு கிழிக்கப்பட்டது. ஏசி ஓடுகிறது. வரி கட்டியதும் ரசீதின் நகல் ஒன்று அனுப்பவும். கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டுமாம்.