பத்தொன்பது எடுத்த மாஸ்டர்

பையைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். முந்திய நாள் வெங்காய மூட்டையோடு மயங்கி விழுந்திருந்தேன். கிட்டங்கி முதலாளி மூட்டை கிழியவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு வராதேயும்" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. மூட்டை தூக்க முடியாத ஆளை வைத்து அவர் என்ன செய்வார்? இப்படிப் பல ஊர்களில் பல வாசல்களிலிருந்து நடந்து போனவன் நான். ஆனால் அன்று புறக்கோட்டை வருவதற்குள் கடைப்படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து எழும்ப வேண்டியிருந்தது. அதுதான் புதிது.

பஸ் ஏறி வெள்ளவத்தையில் இறங்கினேன். கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், பழைய வீட்டைப் பலகையால் மறித்து மறித்து ஆண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அங்கே கேற்றைத் திறந்தவர்தான் ரிசல்ட் மாஸ்டர்.

இரத்தத்தைப் பற்றி அவரைப்போலப் பெருமைப்பட்ட மனிதர் இந்தத் தீவிலேயே இருந்திருக்க மாட்டார். இரத்தப் பெருமை பேசுகிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவர்கள் பாட்டன் முப்பாட்டன் பேரைச் சொல்வார்கள். மாஸ்டர் லாப் ரிப்போர்ட்டைக் காட்டுவார். அதை லாமினேட் பண்ணி, அறை வாசலில், சாமிப் படத்துக்கு ஒரு சாண் மேலே ஆணியடித்து மாட்டியிருந்தார். ஹீமோகுளோபின் 19.2. பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

என்னைக் கண்டதும் பேரைக் கேட்கவில்லை. கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தார்.

"பதின்மூன்று வரும். பாஸ். உள்ள வாரும்."

அறுபது தாண்டியவர். முகம் எந்நேரமும் சண்டை பிடித்துவிட்டு வந்தவருடையதுபோலச் சிவந்திருக்கும். வாழ்நாள் முழுக்க டியூட்டறிகளில் கணக்குப் படிப்பித்தவர். ஆகவே எந்த எண்ணைக் கண்டாலும் அவருக்கு அது சோதனை மார்க்ஸ். பஸ் இலக்கம் நூறு என்றால்கூட ஒரு கணம் மரியாதையாக நிற்பார்.

மறுநாளே என்னைக் காலி வீதி லாப்புக்கு அனுப்பி இரத்தம் குத்த வைத்தார். 8.8 என்று வந்தது. குளிக்கிற பைப்படியில் எல்லாரும் வாளியோடு நிற்கும்போது மாஸ்டர் அதை உரத்து வாசித்தார்.

"டபிள்யூ!"

ஓஎல் சோதனையில் கணக்கில் ஃபெயிலானதற்கு எனக்கு வந்த அதே எழுத்து. ஒருவன் அதை இரத்தத்திலும் எடுப்பான் என்று நான் நினைத்ததில்லை.

"நீங்கள் பதின்மூன்று எண்டெல்லோ சொன்னனீங்கள், மாஸ்டர்?"

"நீர் சோதனையில சொதப்பினதுக்கு நான் என்ன செய்யிறது?"

"நட்சத்திரம் எனக்கும் போட்டிருக்கினமே?"

"அது ஆறுதல் பரிசு."

ரிப்போர்ட்டின் ஓரத்தில் பதின்மூன்று முதல் பதினேழு வரை என்று அச்சடித்திருந்தது. பதின்மூன்று பாஸ் மார்க், பதினேழு ஃபுல் மார்க் என்று மாஸ்டர் விளக்கினார். அதே வீட்டில் வாடகைக்கு இருந்த, வங்கியில் வேலை செய்த குகனுக்குச் சந்தேகம் வந்தது.

"அப்ப உங்கட பத்தொன்பது?"

"கேட்ட கேள்விக்கு மேலால இன்னொரு கணக்கும் செய்து குடுத்திருக்கிறன்."

அன்றிலிருந்து எனக்கு டியூசன் தொடங்கியது. காலையில் பீட்ரூட். மத்தியானம் முருங்கையிலைச் சுண்டல், அதற்குமேல் தேசிக்காய்ப்புளி. சோற்றோடு பிளேன்டீ குடிக்கத் தடை. "சாப்பாட்டில இருக்கிற இரும்பைத் தேத்தண்ணி பிடிச்சு வைச்சிடும். சோத்தோட தேத்தண்ணி குடிக்கிறது சோதனை மண்டபத்தில நித்திரை கொள்ளுற மாதிரி." தேத்தண்ணி விஷயத்தில் அவர் சொன்னது சரிதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நிலத்தில் படுத்தால் மண்ணில் உள்ள இரும்பு முதுகு வழியாக ஏறும் என்றும் சொன்னார். அதையும் சில நாள் செய்து பார்த்தேன். எறும்புதான் ஏறியது.

அவருடைய ஆரோக்கியமோ எங்களுக்குப் பெரிய வேடிக்கை. வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு முற்றத்தில் துள்ளுவார். "பாத்தீரே, நல்ல இரத்தம் சும்மா இருக்க விடாது" என்பார். உள்ளங்கால் எரிகிறது என்று சீமெந்துத் தரையில் காலைத் தேய்த்துக்கொண்டே பேப்பர் வாசிப்பார். அடிக்கடி தலையிடிக்கும். அது மூளை ஓவர்டைம் செய்வது. நாங்களும் சிரித்தோம். அவருக்கு என்னவோ சரியில்லை என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பீட்ரூட் தின்றும் எனக்கு மூச்சு வாங்குவது குறையவில்லை. மாஸ்டரே என்னை ஒழுங்கை முனையில் இருந்த டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார். கையில் என் ரிப்போர்ட். கக்கத்தில் தன்னுடையது, ஆணியோடு கழற்றியபடி. அங்கிருந்த டொக்டர் அம்மா என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "எங்கால இரத்தம் போகுது?"

"மூலம் இருக்கு, டொக்டர். கன காலமா."

"ஏன் ஆரிட்டையும் காட்டேல்லை?"

"மூட்டை தூக்கிறவனுக்கு அது சாதாரணம் எண்டு நினைச்சன்."

"தண்ணித் தாங்கி ஒழுகேக்க மேலால இறைச்சு என்ன பிரயோசனம்? குறைஞ்சிருக்கு எண்டது மறுமொழி இல்லை, கேள்வி. ஏன் குறைஞ்சது எண்டு தேடவேணும். முதல் ஒழுக்கை அடைப்பம், பிறகு இரும்புக் குளிசை." பிறகு, என் தொழிலுக்கு ஏற்ற மாதிரிச் சொன்னார். "ஹீமோகுளோபின் எண்டது புறக்கோட்டையில மூட்டை தூக்கிற நாட்டாமை மாதிரி. நீர் இழுக்கிற மூச்சில இருந்து ஒட்சிசனைத் தூக்கிக்கொண்டு போய் உடம்பெல்லாம் இறக்கிறது அதுதான். உமக்கு நாட்டாமை காணாது. அதுதான் இளைக்குது."

எட்டாம் வகுப்பு விஞ்ஞானத்தில் விளங்காதது எனக்கு அந்த நிமிடம் விளங்கியது.

மாஸ்டர் தன் ரிப்போர்ட்டை நீட்டினார். "இதையும் ஒருக்கா பாருங்கோ" என்றார், பாராட்டுக்காகத் தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி. டொக்டர் அதைப் பார்த்தார். மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். சிகரெட் பிடிப்பதுண்டா, குளித்தால் உடம்பு கடித்துச் சொறிய வருமா, உள்ளங்கால் எரியுமா என்று கேட்டார். முதலாவதுக்கு இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் மாஸ்டர் சந்தோஷமாக ஓம் சொன்னார்.

"மாஸ்டர், இது கெட்டித்தனம் இல்லை. உங்களுக்கு நாட்டாமை கூடி ஒழுங்கையே அடைபடப் போகுது. இரத்தம் தடிச்சால் உறையும். மூளையில உறைஞ்சால் கை கால் விழுந்துபோம். இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தாறன்."

மாஸ்டர் ரிப்போர்ட்டைப் பறித்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு வந்ததும் அதை மாட்டி, இன்னொரு ஆணியும் அடித்தார். துண்டைப் பற்றி நான் கதைக்கும்போதெல்லாம் பீட்ரூட் சீவத் தொடங்கிவிடுவார். ஒருநாள் மட்டும் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்.

"எத்தினை பிள்ளையளின்ர ரிசல்ட்டை நான் உருவாக்கி விட்டனான். டியூட்டறிக்காரர் அவங்கட படத்தைப் பனரில அடிச்சு ரோட்டெல்லாம் கட்டினவங்கள். ஒண்டிலயும் என்ர படம் இல்லை. எனக்கெண்டு வந்த ரிசல்ட் இது ஒண்டுதான். அதையும் நோய், வருத்தம் எண்டால் நான் என்ன செய்யிறது?"

நானும் சேர்ந்து பீட்ரூட் சீவினேன்.

கொஞ்ச நாளில், காலையில் சேட் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். வலக்கை பொத்தானைப் பிடிக்க மறுத்தது. அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார், வகுப்பில் சொல் கேளாத பிள்ளையைப் பார்ப்பதுபோல. கொஞ்ச நேரத்தில் விரல்கள் தாமாக அசைந்தன. "ஒண்டும் இல்லை. விறைப்பு" என்றார். ஆனால் முகத்தில் இருந்த சிவப்பு அன்று முதல் தடவையாகக் குறைந்திருந்தது.

மிரட்டினால் வரமாட்டார் என்று தெரியும். அவருடைய பாஷையில்தான் கதைக்க வேண்டும்.

"மாஸ்டர், அந்த டொக்டர் உங்கட ரிசல்ட்டைப் பிழை எண்டிட்டா. நாங்கள் விடுறதே? பெரியாஸ்பத்திரியில ரீகரெக்ஷனுக்குப் போடுவம்."

மாஸ்டர் யோசித்தார். விடைத்தாளைத் திரும்பத் திருத்தக் கேட்பது மாணவனின் உரிமை என்று வாழ்நாள் எல்லாம் வாதாடியவர். அதை அவரால் மறுக்க முடியாது.

"குறைச்சுப் போட்டாங்கள் எண்டால்?"

"குறைஞ்சால் நல்லதெண்டு டொக்டர் சொன்னவ. கூடினால் நீங்கள் சொன்னது சரி. எப்பிடிப் பாத்தாலும் வெற்றிதான்."

"ஓட்டோவைக் கூப்பிடும்" என்றார்.

திருத்திப் பார்த்தார்கள். 19.2 சரிதான். கை மறுத்ததைச் சொன்னதும் வார்ட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். பல சோதனைகளுக்குப் பிறகு, எலும்புக்குள் இரத்தம் ஊறுவது அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது என்றார்கள். குளிசை உண்டு, அதோடு இடைக்கிடை வந்து பை பையாக இரத்தத்தை இறக்க வேண்டும், ஒழுங்காக வந்தால் பயமில்லை. தன் இரத்தத்தை வெளியே எடுத்து எறியப் போகிறார்கள் என்று கேட்டபோது மாஸ்டர், நகையைக் கழற்றச் சொன்ன கல்யாணப் பெண்போலப் பார்த்தார்.

இரத்தம் இறக்கியபோது நான் திரைச்சீலைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் குரல் கேட்டது.

"மிஸ், பாத்து எடுங்கோ, நல்ல சாமான். எறிஞ்சு போடாதேங்கோ. வெளியில ஒருத்தர் இருக்கிறார், அவருக்கு ஏத்துங்கோ. அவருக்கு எட்டு தசம் எட்டு. எனக்குப் பத்தொன்பது தசம் ரெண்டு. கூட்டினால் இருபத்தெட்டு. ரெண்டால பிரியுங்கோ. ஆளுக்குப் பதினாலு. ரெண்டு பேரும் பாஸ்."

நர்ஸ் மிஸ்ஸுக்குத் தமிழ் அரைகுறை. மாஸ்டருக்குச் சிங்களம் அரைகுறை. கணக்கு மட்டும் இருவருக்கும் விளங்கியது. மிஸ் சிரித்துவிட்டு, பாதி சிங்களமும் பாதி தமிழுமாக, "பே மாஸ்டர், அப்பிடிச் செய்ய ஏலாது" என்றார். மாஸ்டர் விடவில்லை. "பிறகு ஏன் படிப்பிக்கிறியள் சராசரியை?" என்று கேட்டார். திரும்பி வரும்போது ஓட்டோவிலும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். "கணக்குச் சரி. அவையளுக்குத்தான் மனமில்லை."

பல முதலாளிகள் என்னைப் பல மாதிரி நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். தன்னுடையதில் பாதியை எனக்குத் தந்தால் சரிவரும் என்று ஒருவரும் கணக்குப் பார்த்ததில்லை.

பேலியகொடை மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிற வேலைக்கு வரச்சொல்லி ஒருவர் சொல்லியிருந்தார். நான் போகவில்லை. மறுநாள் காலை எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் சைவக் கடையில் போய்க் கேட்டேன். இலை போடுகிற, தண்ணீர் வைக்கிற வேலை. பாரம் தூக்கத் தேவையில்லை.

"ஒழுங்கா நிப்பீரோ?" என்று கேட்டார் முதலாளி.

"நிப்பன். கிளினிக் நாளில மட்டும் காலமை லீவு வேணும்."

"ஏன், உமக்கென்ன வருத்தம்?"

"எனக்கில்லை" என்றேன். "எங்கட வீட்டில ஒராளுக்கு."