மூன்றாம் மாடியில் ஓர் ஆழ்மனம்

சினிமா பார்ப்பவர்களில் அழுபவர்கள் உண்டு, தூங்குபவர்கள் உண்டு, வில்லனைத் திட்டுபவர்கள் உண்டு. இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. இங்கே சொல்ல வந்தது வேறோர் இனம். படம் முடிந்து விளக்குப் போட்டதும் எல்லாரும் காலால் துழாவிச் செருப்பைத் தேடும்போது, இவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பெருமூச்சு ஒன்று விட்டு, "மேலோட்டமாப் பார்த்தா இது ஒரு திருட்டுக் கதை" என்று ஆரம்பிப்பார். மாட்டிக்கொண்டீர்கள்! உங்கள் பஸ் போய்விட்டது.

நாம் பார்க்கப்போகிறவருக்கு ஆபீசில் வைத்த பெயர் ஆழ்மனம். அவரிடம் படத்தில் குடை வந்தால் அது குடை இல்லை, குழாய் சொட்டினால் அது தண்ணீர் இல்லை, கதாநாயகன் தும்மினால் அது சளியே இல்லை. தோண்டத் தோண்ட, கடைசியில் எல்லாம் அம்மாவில் போய் நிற்கும்.

"சார், இந்தப் படத்துல அம்மாவே வரலையே?"

"வரல இல்ல? அதான்!"

ஒருமுறை, அவர் உறுப்பினராக இருந்த திரைப்படக் கழகத்துக்கு, படத்தை எடுத்த டைரக்டரே வந்திருந்தார். படத்தில் கடைசிவரை பூட்டியே கிடந்த அறைக்குள் என்னதான் இருக்கிறது என்று யாரோ கேட்க, "எங்க லைட்டு சாமானெல்லாம் அதுக்குள்ளதான் போட்டிருந்தோம்" என்றார் மனிதர் வெள்ளந்தியாக. ஆழ்மனம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்படின்னு நீங்க நினைச்சுக்கிட்டிருக்கீங்க" என்றார்.

இத்தனைக்கும் இவருக்கு வேலை காப்பீட்டு அலுவலகத்தில். கார் மரத்தில் மோதியது என்று எவனாவது எழுதிக் கொடுத்தால், கார் என்றால் கார், மரம் என்றால் மரம். அங்கே ஆழ்மனம் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். வீட்டுக்கு வந்துவிட்டால்தான் அதற்கு உயிர் வரும்.

வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. மனைவி மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்ப்பவர்.

"ஏங்க, கீழ் வீடு காலியாகுதாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லலேன்னா வேற ஆளுக்கு விட்டுருவாராம் வீட்டுக்காரர். என் முட்டிக்கு இனிமே இந்தப் படி ஆகாதுங்க."

"படின்னு சொல்ற. ஏன் படின்னு சொல்ற?"

"படியா இருக்கறதால."

"மேலோட்டமாப் பார்த்தா படிதான். ஆனா ஒருத்தர் படியில இறங்கணும்னு ஆசைப்பட்டா, தனக்குள்ளயே இறங்கப் பார்க்கறாங்கன்னு அர்த்தம். உனக்குள்ள ஏதோ ஒண்ணு கீழ போகத் தவிக்குது."

"முட்டிதாங்க."

"உங்க அம்மாவுக்கும் முட்டி வலி இருந்ததா?"

"இருந்துச்சு."

"பார்த்தியா!"

"என்னத்தப் பார்க்கறது? அவங்க கீழ் வீட்டுக்கு மாறிட்டாங்க."

இப்படிப்பட்டவரோடு யார் மல்லுக்கட்ட முடியும்? அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அவர் ஆபீஸ் விட்டு ஏறி வந்தபோது, இரண்டாம் மாடித் திருப்பத்தில், காய்கறிப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி மனைவி உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் பாதி முகத்தில் விழுந்திருந்தது. ஆழ்மனம் அப்படியே சொக்கிப்போனார்.

"அசையாத! பாதி வெளிச்சம், பாதி இருட்டு. ஆகா, என்ன ஒரு ஃபிரேம்!"

மனைவி கைப்பிடிக் கம்பியைப் பற்றி எழுந்து, பையைத் தானே தூக்கிக்கொண்டு மேலே போனார். அதற்கும் அவர் வைத்திருந்தார் ஒரு விளக்கம். அதை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரைப்படக் கழகத்தில் ஒரு படம். பெரிய வீடொன்றில் தனியாக வாழும் பெண், ஒவ்வோர் அறையாகக் காலி செய்துகொண்டே போகிறாள். நம்மவருக்குக் கேட்கவா வேண்டும்! "காலி வீடுங்கறது வீடு இல்லைங்க, அது கைவிடப்பட்ட மனசு" என்று முழங்கினார். கை தட்டினார்கள். அந்தக் குஷியில் சீட்டியடித்துக்கொண்டே மூன்று மாடியும் ஏறி வந்தார்.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. கட்டில் இல்லை, பீரோ இல்லை, அவருடைய புத்தக அலமாரி இல்லை, துணி காயப்போடும் கொடிகூட இல்லை. போய்விட்டாளா? என்னை விட்டுவிட்டுப் போயே போய்விட்டாளா? சுவரில் சாய்ந்து நின்றார். பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேலோட்டமாப் பார்த்தா..."

மேற்கொண்டு வரவில்லை.

"ஏங்க! அங்க யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?" கீழேயிருந்து மனைவியின் குரல். "நானே போய்ச் சாவி வாங்கிட்டேன். அண்ணன் ஆளுங்களோட வந்து எல்லாத்தையும் இறக்கிக் குடுத்துட்டாரு. உங்க நாற்காலி இந்த வாசல்லதானே கிடக்கு, அதைத் தாண்டித்தானே மேல போனீங்க?"

அப்பாடா என்று ஓடாத குறையாக இறங்கிப் போனார். புது வீட்டு வாசற்படியில் நின்று, தொண்டையைச் செருமி, "இப்படி எல்லாத்தையும் கீழ கொண்டுவந்தது இருக்கே, இதுக்கு என்ன அர்த்தம்னா..." என்று தொடங்கினார்.

"முட்டி வலின்னு அர்த்தம். கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது."

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? மூன்றாம் மாடி என்றால் அவருடைய அகங்காரம், கீழ் வீடு என்றால் நிஜ வாழ்க்கை, வாசலில் கிடந்த நாற்காலி என்றால் இன்னதென்று இதற்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டீர்கள்தானே? அது வெறும் நாற்காலி ஐயா! அதை விடுங்கள். உங்கள் வீட்டில் யாரோ உங்களைக் கூப்பிட்டு வெகுநேரமாகிறது, போய் என்னவென்று கேளுங்கள்.