சர்க்கரை வாத்தியாரின் விரல்

எழுந்ததும் சர்க்கரை வாத்தியார் உறுதியாக ஒரு முடிவுக்கு வந்தார். இன்று தலையே போனாலும் விரலை நீட்டுவதில்லை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சமூகக் கூடத்தில் வயதானவர்களுக்குச் சர்க்கரை நோய் பற்றி வகுப்பு எடுக்க ஆரம்பித்ததிலிருந்து அதை யாரும் சொல்வதில்லை. மனைவி எப்போதுமே சொன்னதில்லை. அவளுக்கு அவர் "என்னங்க"தான். இன்றைக்கு அந்த "என்னங்க" பல் தேய்க்கும்போதே வந்துவிட்டது.

"என்னங்க, விரலை நீட்டுங்க."

"எதுக்கு?"

"மோதிரம் போடத்தான். சர்க்கரை பார்க்கணும். உங்க வகுப்புப் பெட்டியிலதான் கருவி இருக்கே."

"அது ஆபீஸ் சொத்து. அந்தப் பெட்டியில இருக்கிற எதையும் நீ தொடக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"தண்ணி தண்ணியா குடிக்கிறீங்க. கால் மரத்துப்போகுதுங்கிறீங்க. இதெல்லாம் அடையாளம்னு படம் வரைஞ்சு சுவத்துல மாட்டினது யாரு?"

"அது அவங்களுக்கு."

"உங்க காலு?"

"என் காலை நான் பார்த்துக்கிறேன்."

"எங்கண்ணனும் இப்படித்தான் சொல்லிட்டிருந்தாரு."

வாத்தியார் வாயைக் கொப்பளித்தார். மச்சானுக்கு இப்போது ஒரு கண்தான் தெரிகிறது. அந்தப் பேச்சு வந்தால் அவள் அழுதுவிடுவாள். அழுதால் அவர் தோற்றுவிடுவார். அவசரமாக ஒரு சபதம் போட்டார்.

"சரி. என் வகுப்புல எல்லாரும் விரலை நீட்டட்டும். அன்னிக்கே நானும் உன்கிட்ட நீட்டறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இந்தச் சத்தியத்தில் ஆபத்தே இல்லை. வகுப்பு ஆரம்பித்ததிலிருந்து ஒருவர்கூட விரலை நீட்டியதில்லை. வருகிறவர்கள் எல்லாம் வெவ்வேறு தேசங்களிலிருந்து பிள்ளைகளோடு வந்து குடியேறிய பெரியவர்கள். ஆளுக்கொரு பாஷை. மொழிபெயர்ப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்வார்கள். பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். படத்தைக் காட்டினால் தலையாட்டுவார்கள். ஊசியைக் காட்டினாலும் தலையாட்டுவார்கள். கை மட்டும் மடியை விட்டு எழுந்திருக்காது.

சோப்புப் போடும்போதுதான் அவருக்குச் சுரீரென்றது. இன்றைக்கு மேலதிகாரியம்மா வகுப்பைப் பார்க்க வருகிறார். இன்றும் யாரும் சோதனைக்கு வராவிட்டால் வகுப்பை மூடிவிடுவதாகப் போன தடவையே சொல்லிவிட்டார். மூடினால் வாத்தியாருக்குத் தலைமை அலுவலகத்தில் பழைய கோப்பு அறை. ஜன்னல் கிடையாது. அவர்கள் நீட்டாவிட்டால் வேலை போச்சு, நீட்டினால் விரல் போச்சு. இருதலைக் கொள்ளி எறும்பாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

துவட்டும்போது வழியும் பிறந்தது. சத்தியத்தில் "எல்லாரும்" என்றுதானே சொன்னார்? பாதிப் பேர் நீட்டினால் வகுப்பு பிழைக்கும். மீதிப் பாதி நீட்டாமல் இருந்தால் விரலும் பிழைக்கும். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

"டீ போடுற அம்மா இந்த வாரமும் லீவாமே," என்றாள் மனைவி. "போன வாரம் மாதிரி நானே வந்து போட்டுத் தரட்டுமா?"

"வாயேன். புண்ணியமா போகும்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அது இதுதான். ஆனால் அப்போது அவருக்குத் தெரியவில்லை.

கூடத்துக்கு வந்ததும் அவள் சமையல் மூலைக்குப் போனாள். அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ரத்தச் சோதனைக் கருவி, குத்திக் காட்ட ஒரு ரப்பர் கை, எதைத் தின்னலாம் எதைத் தின்னக்கூடாது என்று காட்டப் பிளாஸ்டிக் பழம், பிளாஸ்டிக் ரொட்டி, பிளாஸ்டிக் கேக். அடியில் காகிதத்தில் சுற்றியபடி அசல் கேக் இரண்டு துண்டு. வீட்டில் கிடைக்காததை ஒளித்து வைக்க உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். பதற்றமாக இருக்கும்போது இனிப்பு நல்லது. இதை அவர் வகுப்பில் சொல்வதில்லை.

அதிகாரியம்மா கடைசி வரிசையில் பேனாவோடு உட்கார்ந்தார். வாத்தியார் உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தினார். ரப்பர் கையைக் குத்தினார். வலிக்காது என்று சிரித்துக் காட்டினார். ரப்பர் கையும் மறுக்கவில்லை.

"புரிஞ்சுதா?"

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"அப்ப யார் முதல்ல வர்றீங்க?"

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முன் வரிசையில் எல்லாரையும்விட மூத்தவர், பெரியம்மா என்று வாத்தியாரே பெயர் வைத்த கிழவி, அவரையே அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலை ஆடுது, கை ஆடலையே சார்," என்றார் அதிகாரியம்மா.

"ஒரு நிமிஷம் மேடம். வெட்கப்படறாங்க."

"எத்தனை மாசமா வெட்கப்படுவாங்க?"

அதிகாரியம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார். வாத்தியாருக்கு ஜன்னல் இல்லாத அறையின் வாசனை மூக்குக்கே வந்துவிட்டது.

மனைவி டீத் தட்டோடு வந்தாள். ஆளுக்கொரு கோப்பை வைத்தாள். யாரும் தொடவில்லை. அதில் அதிசயமில்லை, அவர்கள் எப்போதுமே தொடுவதில்லை. டீ பிடிக்காதவர்கள் என்று வாத்தியார் முடிவுகட்டி வெகுநாளாயிற்று. மனைவி கடைசிக் கோப்பையை அவர் முன்னால் நீட்டினாள்.

"குடிங்க."

"எனக்கு வேண்டாம்மா. அதுல சர்க்கரை இல்லை," என்றார் மெதுவாக.

"சர்க்கரை போடக்கூடாதுன்னு உத்தரவு போட்டது நீங்கதானே. குடிங்க. மேடம் பார்க்கிறாங்க."

மேடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தார். முகம் கோணாமல் இருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

கண்ணைத் திறந்தபோது பெரியம்மா கோப்பையை எடுத்திருந்தார். அடுத்த நொடி கூடம் முழுக்கக் கோப்பைகள் எழுந்தன. எல்லாரும் தாகத்தோடு குடித்தார்கள்.

"என்ன நடக்குது?" என்றார் அதிகாரியம்மா.

மொழிபெயர்க்கும் பெண் பெரியம்மாவிடம் குனிந்து கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மேடம், அவங்க வழக்கத்துல கொடுக்கிறவர்தான் முதல்ல எடுத்துக்கணுமாம். அவரே தொடாததை விருந்தாளி தொட்டா மரியாதை இல்லையாம். மத்தவங்க எல்லாம் மூத்தவங்களுக்காகக் காத்திருக்காங்க. இவங்க சாருக்காகக் காத்திருக்காங்க. முதல் வகுப்புலேருந்து."

"டீக்கு மட்டும்தானா, ஊசிக்குமா?"

அந்தப் பெண் கேட்டாள். பெரியம்மா தலையாட்டினார். இந்தத் தடவை வாத்தியாரின் விரலைப் பார்த்து ஆட்டினார்.

"அப்புறம் என்ன சார், நீட்டுங்க," என்றார் அதிகாரியம்மா.

"மேடம், ரப்பர் கை இருக்கே..."

"ரப்பர் கை டீ குடிக்குமா?"

மனைவி ஏற்கெனவே கருவியோடு நின்றுகொண்டிருந்தாள். வாத்தியார் கூடத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல், காலையில் எடுத்த முடிவை அங்கேயே போட்டுவிட்டு, விரலை நீட்டினார்.

சுருக்கென்றது. ஒரு துளி ரத்தம். கருவி யோசித்தது. எண் வந்தது. அதிகாரியம்மா எட்டிப் பார்த்து, "சார்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

மொழிபெயர்ப்பவர்கள் கடமை தவறாதவர்கள். அந்த எண் பல பாஷைகளில் வரிசை வரிசையாகப் போனது. போன இடமெல்லாம் ஒரே "த்சொ த்சொ". அதற்கு மட்டும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

மனைவி சிரிக்கவில்லை. ஜெயித்தவள் முகமாக அது இல்லை, வெளுத்துப்போயிருந்தது. பஞ்சை அவர் விரலில் அழுத்திக்கொண்டே இருந்தாள், ரத்தம் நின்ற பிறகும். அந்த நிமிஷம் வாத்தியாருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. வேலையைப் பற்றி இல்லை.

பெரியம்மா எழுந்து வந்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு தன் விரலை நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. வாத்தியார் மனதுக்குள் பாதியோடு நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். நிற்கவில்லை. கைத்தடி பிடித்திருந்தவர்கூடத் தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு நீட்டினார். ஒருவர் பாக்கியில்லை.

"அருமை சார்," என்றார் அதிகாரியம்மா. "வகுப்பு தொடர்ந்து நடக்கட்டும். இனிமே ஒவ்வொரு வகுப்பையும் உங்க விரல்ல இருந்தே ஆரம்பிங்க. பக்கத்துல அம்மாவும் இருக்கட்டும்."

சாயங்காலம் வீட்டில் வாத்தியார் சோபாவில் சாய்ந்து கிடந்தார்.

"உனக்கு அவங்க பாஷை ஒண்ணுகூடத் தெரியாதே. எப்படிக் கண்டுபிடிச்சே?"

"போன வாரம் டீயை வச்சுட்டு நின்னேன். எல்லாரும் பெரியம்மாவைப் பார்த்தாங்க. பெரியம்மா உங்களைப் பார்த்தாங்க. நீங்க பெட்டியைப் பார்த்தீங்க. நான் எல்லாரையும் பார்த்தேன்."

"பெட்டியையா? அதுல என்ன, வெறும் பொம்மைச் சாப்பாடு."

"ஆமாமா," என்று சொல்லிவிட்டு, டாக்டரிடம் நேரம் கேட்கப் போனோடு அடுத்த அறைக்குப் போனாள்.

நாளையிலிருந்து மாத்திரை, நடை, பத்தியம் எல்லாம்தான். ஆனால் நாளை என்பது நாளைதானே? வாத்தியார் சத்தமில்லாமல் பெட்டியைத் திறந்தார். கை அடியில் போய்க் காகிதச் சுருளைப் பிடித்தது. காது அடுத்த அறையிலேயே இருந்ததால் கண் எதையும் பார்க்கவில்லை. அவசரமாகப் பிரித்து, வாய் நிறையக் கடித்தார்.

பல் இறங்கவில்லை.

"மெதுவா கடிங்க," என்றது அடுத்த அறையிலிருந்து குரல். "அது ஆபீஸ் சொத்து."